கமால் பாய் அழிக்காத படங்கள்

செய்தி வந்தபோது நான் கமால் பாய்க்காகத் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்திருந்தேன். அன்று மாலை வருவதாக முந்தைய நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொலைபேசியில் அவருடைய மகள் ஷகீலா, "சிஸ்டரம்மா, அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். தொழிற்சாலைச் சன்னலோரம் ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்துச் சாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை. அறுவை அரங்கில் செவிலியாகவே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். சாவுச் செய்தியைக் கேட்டு நிற்பது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆம்பூரில் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அவரை ஃபினிஷிங் மேலாளராகத் தெரியும். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் விரலளவுத் துண்டைப் பார்த்து, அதே பழுப்பை ஆயிரம் தோல்களில் கொண்டுவரும் வேலை. வாய் ஓயாத மனிதர். தன் கண்ணைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையைச் சகித்துக்கொள்வது எளிதல்ல. "ரெண்டு பழுப்பு ஒண்ணுன்னு என்கிட்ட யாரும் சொல்லிட முடியாது" என்பார். வானம் பார்க்கும் நண்பர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும்: மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து, கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்களைப் படம் எடுத்தவர். அந்த மொட்டை மாடி என்னுடையது. இரு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அன்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த உள்ளறையில் அவர் மனைவி நசீமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடுகளில் பார்த்துச் சிரித்ததோடு சரி. எங்களுக்குள் அதிகப் பழக்கம் இல்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து அருகே உட்கார வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், இத்தனை வருஷமா என் வீட்டு ராத்திரியெல்லாம் உங்க மாடிக்குத்தான் போச்சு. நான் சண்ட போடல. அங்க அவரு இன்னா பாத்தாரு, அத மட்டும் எனக்குக் காட்டுங்க."

எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், "ராவுல அப்படி இன்னா போட்டோவாம்" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நசீமாவின் காதிலும் விழுந்தது. அவர் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

"அந்தத் தொப்பி போட்டோ முடிஞ்சதும் ஃபிரேம் போட்டு எடுத்தாரேன்னாரு. முடிஞ்சிச்சா?"

"இல்ல நசீமா. கடைசியா எடுத்ததெல்லாம் இன்னும் பிரிச்சுப் பாக்கல."

"அப்ப நீங்க முடிச்சு எடுத்தாங்க. இத்தாவுல நான் வாசப்படி தாண்ட முடியாது."

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. முடித்துக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

தொப்பி என்று அவர்கள் வீட்டில் சொன்னது ஒரு விண்மீன் மண்டலத்தை. வெள்ளைக்காரர்கள் அதற்கு அகன்ற விளிம்புள்ள ஒரு தொப்பியின் பெயரை வைத்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கே உயரத்தில் வந்துவிடும். அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதை கமால் பாய் முதன்முதலில் என்னிடம் சொன்னபோது, தானே போய் அழைத்து வந்தவர் போலச் சொன்னார்.

அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தோல் தொழிற்சாலை. அதன் விளக்குகளால் அங்கே வானம் எப்போதும் வெளுத்திருக்கும். எங்கள் வீடு ஆம்பூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் கணவர் ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டுநராக இருந்தவர்; தண்டவாளத்தைப் பார்த்தபடிதான் வீடு வேண்டும் என்று பிடிவாதமாகக் கட்டினார். அவர் இறந்த பிறகு ஒரு நாள் கமால் பாய் வந்து மாடியைக் கேட்டார். நான் நிபந்தனைகள் சொன்னேன். வீட்டுக்குள் வராமல் வெளிப்பக்க இரும்புப் படியில் ஏற வேண்டும். வரும்போதும் போகும்போதும் மணி அடிக்க வேண்டும். செருப்போடு மாடியில் நடக்கக் கூடாது. மேலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது.

"ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்ளோ கண்டிஷன் இருக்காது சிஸ்டர்."

"ஜாஸ்தியாவே இருக்கும். உங்கள உள்ளயே விட்டிருக்க மாட்டோம்."

பேச்சு ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கடைப்பிடித்தார்.

வானத்தைப் படம் எடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவ்வளவு மங்கலான பொருளை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. வானம் நகரும் வேகத்தில் தொலைநோக்கியை ஒரு மோட்டார் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். கேமரா அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும். பிறகு அத்தனை படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எல்லாப் படத்திலும் இருப்பது தங்கும். ஏதோ ஒரு படத்தில் மட்டும் வந்துபோனதைக் கணினி குறை என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடும். அடுக்குவதற்கு முன்னால் கெட்டுப்போன படங்களைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். நட்சத்திரம் வட்டமாக இருந்தால் நல்ல படம்.

அந்தப் பொறுக்கும் வேலை என்னிடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பெருமையாகக் காட்டினார். "இந்த நட்சத்திரம் முட்டையா இருக்கே" என்றேன். இல்லை என்றார். உருப்பெருக்கிப் பார்த்தோம், முட்டைதான். பாதிக்கு மேல் தள்ளிவிட்டேன்.

"எங்க ஃபேக்டரில நீங்க இருந்திருந்தா ஒரு தோலு கூட கப்பல் ஏறியிருக்காது. மொதலாளி கடைய மூடிட்டு மக்காவுக்குப் போயிருப்பாரு."

"தள்ளினத அழிச்சிடுங்க."

"அது மட்டும் மாட்டேன். தோல்ல தூக்கிப் போடறதுன்னு ஒண்ணு கிடையாது. ஷூவுக்கு ஆவாதது கையுறைக்கு ஆவும். அதுக்கும் ஆவலன்னா சாவிக்கொத்துக்கு ஆவும்."

அவர் சொன்னபடியே வாழ்ந்தார். தொலைநோக்கிக்கு அவர் போட்டிருந்த உறை, கப்பலேறாமல் திரும்பிய தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அதில் ஒரு பழுப்புக்கும் இன்னொரு பழுப்புக்கும் ஒட்டவே ஒட்டாது. வெயில் ஏறினால் தோல் வாடை மாடிப்படி வரை இறங்கி வரும்.

ஒதுக்கிய படங்களைக் குறித்து ஒருமுறை எங்களுக்குள் பெரிய மனத்தாங்கல் வந்தது. சரக்கு வண்டி போகும்போது மாடி அதிரும். அந்த நேரத்துப் படங்களில் நட்சத்திரமெல்லாம் சிறு கோடுகளாக இழுபட்டிருக்கும். இவற்றை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிருக்காருன்னு வச்சுக்கங்க சிஸ்டர். எப்படி அழிக்கறது?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். என் துக்கத்தை யாரும் விளையாட்டாகத் தொடுவது எனக்குப் பிடிக்காது. எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுத்த வாரம் அவர் மணி அடித்தபோது கதவைத் திறந்து, தண்ணீர்க் குடுவையைப் படியில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படங்களையும் அழிக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலை எங்கள் பக்கம் மின்சாரம் போயிருந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் திரும்பியதும் விசிறி சுற்றியது. அதோடு தலைக்கு மேலே மோட்டார் ஓடத் தொடங்கியது. மெல்லிய, விடாத இரைச்சல். பல ஆண்டுகளாக அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான்: கமால் பாய் மேலே இருக்கிறார்.

கடைசியாகப் புறப்படும்போது, "நாளைக்கு வர்றேன், சுவிட்ச அணைச்சிடாதீங்க" என்று அவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. மின்சாரம் வந்ததும் தானாக ஓடி, விடிந்ததும் தானாக நிற்கும்படி அமைத்திருக்கிறார். காரணம் இவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகும் நான் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். செபமாலையைக் கையில் எடுத்தேன். எந்த மணியில் இருக்கிறேன் என்பது தவறிக்கொண்டே இருந்தது.

காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். அடியில் கட்டியிருந்த உறைக்குள் தொலைநோக்கி இரவு முழுவதும் திரும்பியிருக்கிறது. தோல் முறுக்கிக்கொண்டு, மடிப்பு மடிப்பாக இறுகிக் கிடந்தது. போர்த்திய துணிக்குள் ஒருவர் புரண்டு படுத்தது போல. எத்தனையோ உடல்களைப் போர்த்தியிருக்கிறேன், எதுவும் புரண்டதில்லை. முடிச்சை அவிழ்த்து, உறையை நேராக்கி, மறுபடி கட்டினேன். சுவிட்சில் கை வைத்தேன். அணைக்காமல் இறங்கி வந்தேன்.

பிறகு அவர் என் வீட்டில் விட்டுப்போன மடிக்கணினியில், நாள்தோறும் பகல் வெளிச்சத்தில் அவர் கடைசியாக எடுத்த படங்களைப் பிரித்தேன். கடைசி மாலையின் படங்களில் தொப்பி அருமையாக வந்திருந்தது. நடுவில் சட்டென்று ஒரு படம் முழுதும் சிவப்பு. நட்சத்திரமே இல்லை. இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க அவர் நெற்றியில் ஒரு சிவப்பு டார்ச்சு கட்டிக்கொள்வார். அன்று பகலில் தூறியிருந்தது. கண்ணாடி வியர்த்திருக்கிறதா என்று தொலைநோக்கிக் குழாயின் முன்வாய்க்கு எதிரே குனிந்து பார்த்திருக்கிறார். கேமரா அவரையும் எடுத்துவிட்டது. அடுத்த படத்தில் தொப்பி மறுபடி இருந்தது. என் கை வழக்கம்போல அந்தச் சிவப்புப் படத்தை ஒதுக்கியது. மிச்சத்தை அடுக்கி, வேலூரில் அச்சிட்டு, சட்டம் போட்டு எடுத்துக்கொண்டேன். மடிக்கணினியையும் ஏனோ பையில் வைத்தேன்.

நசீமா படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். கறுப்பின் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஒளி, அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடு.

"பேக்கரில நடுவுல கீறி ஜாம் தடவுவான் பாருங்க, அந்த பன்னு மாதிரி இருக்கு." சட்டத்தைத் தள்ளிப் பிடித்து, "இதுக்கா?" என்றார்.

மூன்று கோடி ஆண்டு என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். ஆனா இதுல அவரு எங்க?"

"இருக்க மாட்டாரு. குறுக்க வந்திருந்தா அந்தப் படத்த நானே ஒதுக்கியிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து ஒதுக்கிய படங்களைத் திறந்தேன்.

ஒன்றில் நட்சத்திரமெல்லாம் கொக்கி போல வளைந்திருந்தது. "இது இன்னா?" என்றார். தொலைநோக்கியின் காலில் இடித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். நசீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுல ஒரு கட்டில் கால விட்டு வச்சதில்ல. இடிச்சிட்டு கட்டிலத் திட்டுவாரு." இன்னொன்றில் ஓரமாக ஒரு சிவப்புக் கீற்று: படியிலிருந்து ஏறி வருகிறார். மற்றொன்றில் அந்தக் கீற்று நடுவரை வந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, "இங்க நிக்கிறாரு… இப்ப அந்தப் பக்கம் போறாரு" என்று நசீமாவே சொல்லத் தொடங்கிவிட்டார். இடையில் கோடுகளாக இழுபட்ட படம் ஒன்று வந்தது. "இது அவரு இல்ல. ரயில் போயிருக்கு" என்றேன். நசீமா தலையசைத்தார். "உங்க வீட்டுக்காரர் வண்டின்னு சொல்வாரு" என்றார். அதை கமால் பாய் வீட்டிலும் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது விளையாட்டு இல்லை என்பதும்.

"கடைசியா எது?"

சிவப்புப் படத்தைக் காட்டினேன். திரை முழுவதும் அடர்ந்து, நடுவில் சற்று வெளுத்திருந்த சிவப்பு. உள்ளே பார்ப்பதற்காகக் குனிந்தவர், வெளியே எங்களைப் பார்த்துக் குனிந்திருப்பது போல இருந்தது. அறை வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி "யா அல்லாஹ்" என்று சொல்லி நகர்ந்து போனாள். முன்பு முணுமுணுத்த அதே குரல்.

"இத எனக்குப் பெருசா போட்டுக் குடுங்க."

"இதுல கேலக்ஸியே இல்ல, நசீமா."

"எனக்கு அதுவா வேணும்?" முந்தானையால் திரையைத் துடைத்தார், அதில் தூசி எதுவும் இல்லை. "மனுஷங்க போட்டோவ நாங்க செவுத்துல மாட்டறதில்ல. இதுல மூஞ்சி இல்லயே. மாட்டிக்குவேன்."

இப்போது அது அவர்கள் வீட்டு உள்ளறையில் இருக்கிறது. பன்னு என்று நசீமா பெயர் வைத்த படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு குறையும் இல்லாத படம். என் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். இத்தா முடிந்ததும் ஒரு நாள் வந்து இரும்புப் படியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை தொலைநோக்கி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

கமால் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் படமும், ஒட்டுப்போட்ட தோலுறையும், மடிக்கணினி நிறைய அவர் அழிக்க மறுத்த கெட்ட படங்களும். மின்சாரம் போய்த் திரும்பும் மாலைகளில் மேலே மோட்டார் ஓடத் தொடங்குகிறது. நான் எழுந்து போவதில்லை. காலையில் உறையை மட்டும் நேராக்குகிறேன். நேற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோதே ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு சரக்கு வண்டி போயிற்று. மாடி அதிர்ந்தது, குடுவையில் தண்ணீர் நடுங்கியது. கேமராவில் ஆள் இல்லை. இருந்து எடுத்திருந்தால், நட்சத்திரம் வட்டமாக இல்லை என்று அந்தப் படத்தை ஒதுக்கியிருப்பேன். அழித்திருக்க மாட்டேன்.