ஏகாதசி உப்புமா

ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த லேபில், ரத்தம் எடுக்கும் சீனியர் ஒரு தமிழர். சந்தனப் பொட்டு, கசங்காத வெள்ளைக் கோட்டு. கையுறை விரலை நாக்கில் தொட்டுத்தான் தாள் புரட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, உள்ளங்கையெல்லாம் அரிப்பு என்று வந்தாள். கல்லீரல் கோளாறா என்று பித்த அமிலம் பார்க்க வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டதால் அளவு தப்பாகக் கூடிக் காட்டினால் குழந்தையையே முன்கூட்டி வெளியே எடுத்துவிடுவார்கள்.

“சாப்பிட்டியாம்மா?” என்றார்.

“சோறு தொடல அங்கிள். உப்புமாதான்.”

“ஏகாதசிக்கே உப்புமா உண்டே! ஃபாஸ்டிங்னு போட்டுடறேன்.”

ஃபாரத்தைப் பிடுங்கினேன். “வேண்டாம்க்கா. நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம வாங்க.”

அவள் போனதும் அவர் என்னைப் புழுவைப் போலப் பார்த்தார். “புள்ளத்தாச்சியைப் பட்டினி போடறியே, நீ மனுஷனாடா?”

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.