தாழ்ப்பாளுக்குப் பிறகு முப்பத்திரண்டு பக்கம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பதுதான் ஜட்ஜம்மாவின் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் ப்ளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, ராவித் தேய்த்து, பளபளப்பாக்கி, பல் செட் செய்து கொடுப்பார். இருபத்தெட்டு வருட அனுபவம். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் அவர் சொன்ன சொல்லால் சிரிக்க முடியாமல் இருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது பாதியை அவர் சம்பாதித்தது நூலகத்து மாடியில். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அங்கே வாசகர் வட்டம் கூடும். பதினான்கு நாற்காலி, பத்துப் பதினோரு பேர், ஒரே ஒரு மின்விசிறி. மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலி ஜட்ஜம்மாவுடையது. யாரும் அதை அவருக்கு ஒதுக்கியதில்லை. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை. ஜட்ஜம்மா என்ற பெயரும் அந்த மாடியில் வைத்ததுதான். ஒரு நாவலைப் பற்றி மற்றவர்கள் அரை மணி நேரம் சுற்றி வளைத்துப் பேசி முடித்த பிறகு, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அதோடு அந்த நாவலின் கதை முடிந்தது. பெரிய பரிசு வாங்கிய நாவல் ஒன்றை ஒரே மூச்சில் கொன்றிருக்கிறார்: "அச்சு எடுத்தது ஒருத்தர் வாயில, செட்டு மாட்டுனது இன்னொருத்தர் வாயில."

அவர் மனதார வணங்கியது ஒரே ஒரு நாவலை. இருபது வருடத்துக்கு முன் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு பக்கம், யாரோ கெட்டி அட்டை போட்டுத் தைத்து வைத்திருந்தார்கள். உப்பு வியாபாரம் செய்யும் ஒரு பெரிய குடும்பத்தின் கதை. இளைய மகனை அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறார். பல வருடம் கழித்து அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். வீட்டில் இருப்பது மூத்த மருமகள் மட்டும். கதவுக்குப் பக்கத்தில் வருகிறாள். 'அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது.' அதோடு நாவல் முடிந்துவிடுகிறது.

"முடிவுன்னா இது முடிவு!" என்பார் ஜட்ஜம்மா. "திறந்தாளா, திறக்கலையா? சொல்ல மாட்டார். 'முற்றும்'னுகூடப் போடலை பாருங்க. என்ன தைரியம் இருக்கணும் அந்த மனுஷனுக்கு!"

அந்தப் புத்தகம் எப்போதோ அச்சில் இல்லாமல் போய்விட்டது. வட்டத்தில் அதைப் படித்திருந்த இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும்தான். ஆறு வருடத்துக்கு முன் அவர் ஒரு முறை மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஏம்மா, அதுக்கப்புறமும் ஏதோ வந்த மாதிரி எனக்கு ஞாபகம்..."

"சார், நீங்க படிச்சு அம்பது வருஷம் ஆச்சு. அது வேற ஏதாவது நாவலா இருக்கும்."

தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளே மகளை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். அன்று தொடங்கிய ஞாபக சக்தி மாத்திரையை இன்றுவரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தவறாமல் விழுங்கி வருகிறார்.

ஜட்ஜம்மாவுக்கு அடங்காத ஒரே ஆள் அவருடைய கொழுந்தன். லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருபத்தாறு வருடமாக இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "ஏழாவது பாகம் முடியட்டும் அண்ணி" என்பான். அவன் படிப்பது ஒரு விண்வெளித் தொடர், மொத்தம் பதினொரு பாகம். நட்சத்திரங்களுக்கு நடுவே தபால் கொண்டு போகும் கப்பல் ஒன்று. முதல் பாகத்தில் பெட்டியில் போட்ட கடிதம் பதினொன்றாவது பாகத்தில்தான் உரியவர் கைக்குப் போய்ச் சேருகிறது. ஏழாவது பாகத்தை அவன் ஏழு தடவை படித்தாகிவிட்டது.

"ஒரு லெட்டரைக் குடுக்கப் பதினொரு பாகமா? நம்ம தெரு போஸ்ட்மேனை அனுப்பியிருந்தா மத்தியானமே குடுத்திருப்பார்."

"உங்காளு ஒரு கதவைத் திறக்க தொள்ளாயிரம் பக்கம் எழுதி, அப்பவும் திறக்கலையே அண்ணி!"

சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை நடக்காத நாளில்லை. வீட்டுக்காரர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் கடைசிப் பெட்டியில் வாழ்ந்த பழக்கத்தால் எந்தச் சண்டைக்கும் அவர் கடைசியாகத்தான் வந்து சேருவார். இந்தச் சண்டைக்கு வந்து சேரவே இருபது வருடம் ஆயிற்று. ஒரு நாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தர் புக்கை ஒருத்தர் படிச்சுத் தொலைங்களேன்."

அதுவே பந்தயமாகிவிட்டது. கொழுந்தன் நாலு வாரத்தில் அந்த நாவலைப் படித்து, வட்டத்தில் எழுந்து நின்று மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் பழைய நாவல்களை அருங்காட்சியகம் என்று கேலி செய்வதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஜட்ஜம்மா பதினொரு பாகத்தையும் படித்து, பாகத்துக்கு ஒரு பக்கம் அபிப்பிராயம் எழுதித் தர வேண்டும். ஜட்ஜம்மா தன் சொந்தப் பிரதியை எடுத்து, துடைத்து, அவன் கையில் கொடுத்தார். "மூலை மடக்காதே" என்று மூன்று முறை சொன்னார்.

நாலாவது வாரம், புதன்கிழமை. நூலகத்து அம்மா போன் செய்தார். "உங்க நாவல் மறுபதிப்பு வந்திருக்கு. பழைய பதிப்பை அப்படியே பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்காங்க. முதல்ல உங்க கைதான் படணும்."

ஜட்ஜம்மா ஓடிப் போய் வாங்கிவந்தார். பட்டறை மேசையில் மெழுகுக் கத்தியை ஒதுக்கிவிட்டு, தன் தெய்வ வாக்கு புது அச்சில் எப்படி இருக்கிறது என்று பார்க்க நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தாழ்ப்பாளைக் காணோம். அதற்குப் பதில் ஒரு பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. கீழே, கொட்டை எழுத்தில், 'முற்றும்'.

பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தின் அடியில் அந்த வரி இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் முப்பத்திரண்டு பக்கம், வாயில் இருக்க வேண்டிய பல் எத்தனையோ அத்தனை. அடுத்த பக்கத்தின் முதல் வரி இது: 'பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.'

மூத்த மருமகள் திறக்கவில்லை. வெளியே செருப்புச் சத்தம் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மிச்ச முப்பத்தொரு பக்கமும் அவள் குடும்ப மானத்தைக் காப்பாற்றினாள் என்று ஆளாளுக்குப் புகழ்கிறார்கள்.

இருபது வருடம் ஜட்ஜம்மா ஆசிரியரின் தைரியம் என்று கொண்டாடியது ஏதோ ஒரு பைண்டரின் கவனக் குறைவு! பதினாறு பக்கத் தாள்மடிப்பு ஒரு பாரம்; கடைசி இரண்டு பாரம் எங்கேயோ விழுந்து தொலைந்திருக்கிறது. அந்த ஆள் மிச்சத்தைத் தைத்து அட்டை போட்டுவிட்டான். இதை வைத்து அவர் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறார்! திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, கத்தவும் முடியவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வரிசையாக இளித்துக்கொண்டிருந்த ப்ளாஸ்டர் வாய்களுக்குப் பின்னால் ஒளித்தார். நூலகத்து அம்மாவுக்குப் போன் செய்து, "பக்கம் முன்னே பின்னே இருக்கு, சரிபாத்துட்டுத் தரேன்" என்று ஒரு பொய்யும் சொன்னார். அன்று ஒரு பாட்டு வாத்தியாரின் செட்டில் கோரைப் பற்கள் இரண்டும் இடவலம் மாறிவிட்டன.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னார்.

"அப்ப திறக்கவே இல்லையா அவ?" என்றார் கார்டு.

"இல்லைங்க."

"அடப்பாவி. தம்பிகிட்ட சொல்லிடு."

"சொன்னா பதினொரு பாகம் யார் படிக்கிறது? ஊர் முழுக்கச் சிரிக்கும். ஒவ்வொரு சிரிப்பும் நான் செஞ்சு குடுத்த பல்லா இருக்கும்."

சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கொழுந்தன் வீட்டில் வாயே திறக்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முதல் முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டார் ஜட்ஜம்மா. பிடிக்கவில்லை என்று அவனே சொல்லிவிட்டால் முழுப் புத்தகத்தைப் பற்றிய பேச்சே எழாது. பதினொரு பாகத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிரம்பியிருந்தது. பந்தயம் என்றதும் பதினான்கு நாற்காலியும் போதவில்லை. கொழுந்தன் எழுந்தான். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது.

"எனக்குப் பேச வராது. லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்ககிட்ட 'பயப்படாதீங்க'ன்னு சொல்வேன். என் பேச்சே அவ்வளவுதான்." சிலர் சிரித்தார்கள். "நான் தோத்துட்டேன். அருங்காட்சியகம்னு இனிமே சொல்ல மாட்டேன். ஏன்னு சொல்லிடறேன். அப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. காலேஜை விட்டுட்டு லிஃப்ட் வேலை கத்துக்கப் போறேன்னதும் எங்கப்பா பெட்டியைத் தூக்கி வெளியே வெச்சார். சொந்தக்காரங்க யாரும் இவனுக்குக் கதவைத் திறக்கக் கூடாதுன்னு வீடு வீடா ஆள் விட்டுச் சொல்லிட்டார். நான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மத்தியானம், நல்ல மழை. அண்ணன் ரயிலோட போயிருந்தார். அண்ணிக்குக் கல்யாணமாகி மூணு மாசம். கல்யாணத்துல ஒரு தடவை பாத்ததுதான், என் முகம்கூடச் சரியா ஞாபகம் இருந்திருக்காது. தட்டினேன், பேரைச் சொன்னேன். உள்ள யாரோ கதவுகிட்ட வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. கொஞ்ச நேரம். ரொம்பக் கொஞ்ச நேரம்தான்."

மூக்கை உறிஞ்சினான்.

"அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவர் தொள்ளாயிரம் பக்கம் எழுதியிருக்கார். அவ திறந்தாளான்னு எழுதாம விட்டுட்டார்னு அண்ணி சொல்வாங்க. எழுதவே வேண்டாம். திறந்துட்டா. எனக்குத் தெரியும். நான் வெளியில நின்னுட்டு இருந்தேன்."

ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்புச் சொல்ல அல்ல, கண் மறைத்ததால். அவர் மேதைத்தனம் என்று கொண்டாடிய வரிக்குள்ளே இவன் நனைந்துகொண்டு நின்றிருக்கிறான். இருபது வருடத்தில் அது அவர் கண்ணில் படவே இல்லை. இப்போது அவருடைய மானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கைப்பையில் அந்தப் புதுப் பிரதி இருந்தது. அலமாரியில் விட்டுவரப் பயந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை வெளியே எடுத்தால் இவன் முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி ஆகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. மூடிக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தார்.

அப்போது பார்த்துத் தலைமையாசிரியர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லார் முன்னாடியும் நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும். அவ கையை எடுத்துட்டான்னு எனக்கு ஒரு தப்பான ஞாபகம் இருந்தது. அம்மா திருத்தினாங்க. மாத்திரை சாப்பிட்டும் அந்த ஞாபகம் போக மாட்டேங்குது. டாக்டர்கிட்ட இன்னும் பெரிய மாத்திரையாக் கேட்டிருக்கேன்."

இதற்கு மேல் ஜட்ஜம்மாவால் தாங்க முடியவில்லை. ஒரு மனிதர் ஆறு வருடம் மாத்திரை விழுங்குவதற்கு ஒரு பைண்டர் போதாது, தானும் வேண்டியிருந்திருக்கிறது என்று உறைத்தது.

"சார், மாத்திரையை நிறுத்துங்க" என்று எழுந்தார். "உங்க ஞாபகம்தான் சரி. என் புத்தகத்துல கடைசி முப்பத்திரண்டு பக்கம் இல்லை. புதன்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் மறைச்சேன். நூலகத்துலயும் பொய் சொன்னேன். பந்தயத்துல தோத்தது நான்தான் தம்பி. பதினொரு பாகத்தையும் கொண்டாந்து வை."

கொழுந்தன் பதினொரு பாகத்தைக் காதில் வாங்கவே இல்லை.

"அதுல திறக்கிறாளா அண்ணி?"

ஜட்ஜம்மா ஒரு பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"இல்லை."

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டான்.

"அன்னைக்கு நீங்க... அந்தக் கொஞ்ச நேரம்... திறக்கலாமா வேண்டாமான்னுதானே யோசிச்சீங்க?"

"யோசிச்சேனா?" ஜட்ஜம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "மழையில தாழ்ப்பா இறுகிப் போச்சு தம்பி. ரெண்டு கையாலயும் இழுத்துட்டு இருந்தேன். நகமே பிஞ்சு போச்சு. எண்ணெய் விடுங்கன்னு உங்க அண்ணன்கிட்ட அன்னைலேர்ந்து சொல்றேன், இன்னும் விடலை."