வெர்னான் ஹாகனின் இரண்டாவது கடை

என் அக்கா லவோனைக் கட்டிய வெர்னான் ஹாகன் நல்ல மனுஷர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. மின்னசோட்டாவில் எங்கள் நார்வேக்காரச் சனத்துக்குள் நல்ல மனுஷன் என்றால், தன் காரை இடித்தவனிடமே மன்னிப்புக் கேட்பவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், தன் பங்குக்கு வந்த பால்மாடுகளை விற்று, எங்கள் ஊர் லேக் ஓடனில் விங்கிள் பர்கர் கம்பெனியின் பெயரில் கடை போட்டார். ஒஹையோவில் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரே ஒரு கொட்டகையில் ஆரம்பித்த கம்பெனி அது. அதை ஆரம்பித்த கிழவர் விங்கிள், பர்கர் என்ற பண்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. எந்த ஊரில் தின்றாலும் ஒரே மாதிரி இருக்கும் பர்கரைக் கண்டுபிடித்தார். இறைச்சியைப் புரட்டும் நேரம், வெங்காயம் தூவும் அளவு, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கும் விதம், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பெயரும் விதியும் கம்பெனிக்காரனுக்கு. கடனும் வேர்வையும் எங்களுக்கு.

கம்பெனி கடல் தாண்டியது. ஜெர்மனி, ஜப்பான் என்று எங்கே கடை திறந்தாலும் அத்தான் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஒரு குண்டூசி குத்துவார். ஸ்வீடனில் திறந்த அன்று எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசக் காப்பி வேறு.

"நம்ம குடும்பம் பெருசாகுது டுவேன்" என்பார்.

"அந்தக் குடும்பச் சொத்துல நமக்குப் பங்கு இருக்கா அத்தான்?" என்று, கடை அடுப்பில் இறைச்சி புரட்டியபடி நான் கேட்பேன். சிரிப்பார். ஆனால் அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

ஊருக்கு வெளியே புது நெடுஞ்சாலை வந்த வருஷம், கம்பெனியிலிருந்து கெஸ்லர் என்று ஒருவன் வந்தான். சும்மா ஊரைப் பார்க்க வேண்டும் என்றான். விருந்தாளியிடம் எதற்கு என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தான் அவனைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். எந்தச் சர்ச் எப்போது விடும், ஹாக்கி ஆட்டம் முடிந்தால் கார்கள் எந்தப் பக்கம் திரும்பும், ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் எங்கே பசியாறுவார்கள் என்று ஒன்று விடாமல் காட்டினார். அக்கா அவனுக்கு இறைச்சி வறுத்துப் போட்டு, போகும்போது, தான் சுட்ட ஆப்பிள் பலகாரம் ஒன்றையும் முழுசாகக் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வசந்தத்தில், அத்தான் விரல் நீட்டிக் காட்டிய அதே முனையில், காரிலிருந்து இறங்காமலே வாங்கிக்கொள்ளும் ஜன்னலோடு பெரிய விங்கிள் கடை எழும்பியது. கம்பெனியே நடத்தும் கடை. அத்தான் போன் போட்டார்.

"பக்கத்துல இன்னொரு கடை வரக்கூடாதுன்னு நீங்க கேக்கவே இல்லையே வெர்னான்" என்றான் கெஸ்லர்.

உண்மைதான். கையெழுத்துப் போட்ட அன்று அப்படிக் கேட்டிருந்தால் அவர்களைச் சந்தேகப்பட்டது போலாகியிருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. ஆராதனைக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட் ஓடிவந்து அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஊரையே தன் வாயில் வைத்திருக்கும் பொம்பளை.

"வெர்னான், உங்க புதுக் கடை பிரமாதம்! சொல்லவே இல்ல பாருங்க, ரொம்பத்தான் அடக்கம்!"

பெயர்ப்பலகை ஒன்றுதானே, ஊருக்கு என்ன தெரியும்? என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி ஊராவது திரும்பி வந்திருக்கும். அத்தான் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி, "பரவாயில்லாம இருக்கு" என்றார்.

வீட்டில் அக்கா வெடித்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? நம்மளது இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொன்னா, அய்யோ பாவம் எங்க கடைக்கு வாங்கன்னு கேக்குற மாதிரி ஆயிடும் லவோன். நான் யார்கிட்டயும் அப்படி நின்னதில்ல." என் பக்கம் திரும்பினார். "நீயும் வாயத் தொறந்தேன்னு வெச்சுக்கோ, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே."

நான் திறக்கவில்லை. கூட்டம் புதுக் கடைக்குப் போயிற்று, வெர்னானுக்கு உதவுகிறோம் என்ற சந்தோஷத்தோடே போயிற்று. எங்கள் கடையில் நான் வெறும் கல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

பனி விழ ஆரம்பித்தபோது கடையை மூடினோம். அன்றும் ஆர்டிஸ் வந்தாள். "நல்ல முடிவு. ஒரு ஊருக்கு ரெண்டு எதுக்கு? ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் நாங்க எல்லாரும் அங்கயே வந்து உங்களப் பாக்குறோம்."

"வாங்க, வாங்க" என்றார் அத்தான்.

காரில் அக்கா அழுதாள். "வந்து யாரப் பாப்பாங்க வெர்னான்?" மறுநாள் அத்தான் தனியாகப் புதுக் கடைக்குப் போய் வேலை கேட்டிருக்கிறார். மணிக்கணக்குக் கூலி, மேலாளர் அவர் மகன் வயசுகூட இல்லாதவன். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அவர் ஆராதனைக்கு வரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நானும் அக்காவும் உள்ளே நுழைந்தபோது, கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அக்கா அப்படியே திரும்பிக் காருக்குப் போய்விட்டாள்.

"ஹாகன்! அந்த மூலையில ஜூஸ் கொட்டியிருக்கு, சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து மேலாளர் கத்தினான். அத்தான் வாளியும் தரை துடைக்கும் துணியுமாக வந்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் ஆர்டிஸ், மேசையில் இருந்தவர்களிடம். "முதலாளியா இருந்தும் தானே தொடைக்கிறாரு. சின்னப் பசங்க சத்தம் போட்டாலும் கோவிச்சுக்க மாட்டேங்கிறாரு. இதாங்க பெரிய மனுஷத்தனம்."

இது அவர் கடையே இல்லை என்று கத்தியிருப்பேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் வாய் கட்டிப்போயிற்று. அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார், கம்பெனி சொல்லிக் கொடுத்த அதே சிரிப்பு.

"நல்லா சாப்பிடுங்க" என்று அவர்கள் மேசையடியில் துடைக்கக் குனிந்தார். அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.