முதலைக்குப் பல் பார்த்த நாள்

அந்தத் துணி முதலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பச்சை நிறம், முழ நீளம், திறந்த வாய்க்குள் வெள்ளைத் துணியில் தைத்த பற்கள். அடையாறில் ஒரு மாடியில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, பயந்து வரும் பிள்ளைகளின் மடியில் முதலில் அதைத்தான் வைப்பார். என் மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். அங்கே நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லையாம்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. அதற்கு முன்பு தி. நகரில் வேறோர் இடத்தில் காட்டியிருந்தோம். "நீங்க இருந்தா அடம் பிடிக்கும், வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரம் அழுகை கேட்டது, பிறகு அடங்கிவிட்டது. சமாதானமாகிவிட்டாள் என்றுதான் நானும் மனைவியும் நினைத்தோம். அன்றிலிருந்து பல் தேய்க்கக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா அவளை நாற்காலியில் ஏற்றவே இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதலையை அவள் மடியில் வைத்து, சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்தார். "இன்னிக்கு நீதான் டாக்டர். இவருக்குப் பல்லு வலிக்குதாம், கொஞ்சம் பாரேன்."

மகள் முதலையைப் படுக்க வைத்தாள். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்தாள். நான் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலையின் முன்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்துத் துண்டால் இறுக்கி இறுக்கிச் சுற்றினாள். வயிற்றின் மேல் முழங்காலை ஊன்றினாள். அதன் வாயைப் பொத்திக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "கத்தாத. கத்துனா அப்பா உன்ன இங்கயே உட்டுட்டுப் போயிடுவாரு."

எழுந்திருக்கப் போன என்னை டாக்டரம்மா கையமர்த்தினார். "இப்ப எதுவும் கேக்காதீங்க சார்." பிறகு அவளிடம், "இவர் கைய அவுத்து விட்டுடலாமா?" என்றார். மகள் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்று வைத்தியம் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் அந்தப் பழைய இடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "சின்னப் புள்ளைங்கள புடிச்சுக்காம எப்டி சார்?" என்றார்கள், மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாக. அந்தச் சாதாரணம்தான் என்னை இன்னும் அதிர வைத்தது.

அடுத்த முறை மகள் என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். "கையத் தூக்குனா நான் நிறுத்திடுவேன். அப்பா எங்கயும் போகமாட்டாரு" என்றார் டாக்டரம்மா. மெஷின் பல்லைத் தொட்டதுமே கை உயர்ந்தது. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி கை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

"வலிக்குதாடா?"

"இல்ல. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

"பாரு. எத்தன தடவ வேணும்னாலும் பாரு."

மகள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, வாயை அகலமாகத் திறந்தாள்.