சாம்பல் நிறச் சுவெற்றரும் மரண அறிவித்தலும்

அந்தச் சுவெற்றர் எப்போதும் ஸ்ரூடியோவின் மூலையில், உடைந்த கதிரை ஒன்றின் முதுகில் தொங்கிக்கொண்டிருக்கும். சாம்பல் நிறம். முழங்கைப் பக்கம் நூல் எழும்பியிருந்தது. கனடாவில், ஸ்காபரோ நகரின் கேபிள் தொலைக்காட்சியில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த சமூக அலைவரிசையில், வாரம் ஒருமுறை ஒளிபரப்பான தமிழ் நிகழ்ச்சியை என் அக்கா நடத்திய காலம் அது. நல்ல நிறத்தில் சேலை உடுத்தி, பொட்டு வைத்து, வாடகைச் சட்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நகரசபையின் புதிய தீர்மானங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு வருவார். கடைசிப் பகுதிக்கு முன் கமரா நிற்கும். அக்கா எழுந்து போய் அந்தச் சுவெற்றரை எடுத்து, சேலைக்கு மேல் போட்டு, கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வந்து அமர்வார். பிறகுதான் மரண அறிவித்தல்களை வாசிப்பார். ஒருவருடைய தாய் தகப்பனின் சாவைச் சரிகைக் கரையோடு அறிவிக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அதை அவர் எங்களுக்கு விளக்கியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அக்கா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தார். நான் அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் முடித்திருந்தேன். நிகழ்ச்சிக்குச் செய்திகளை எழுதிக் கொடுப்பேன். கமராவை இயக்கியவர் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு இங்கே வந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எல்லோரும் அவரை நானா என்றே அழைத்தோம். மூவருமே தொண்டர்கள். கேபிள் நிறுவனம் எங்களுக்குத் தந்தவை ஓர் அறை, இரண்டு கமராக்கள், விளம்பரம் எதுவும் ஒளிபரப்பக் கூடாது என்ற ஒரே கண்டிப்பான விதி.

போர் நடந்த காலம். கடிதங்கள் மாதக்கணக்கில் அலைந்தன. ஒரே ஊரார் ஒரே அடுக்குமாடியில் ஒருவரையொருவர் அறியாமல் இருந்தார்கள். அதனால் எங்கள் நிகழ்ச்சியில் மற்றப் பகுதிகள் ஓடும்போது சமைத்துக்கொண்டிருந்த வீடுகளும் மரண அறிவித்தலுக்கு அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றன. அக்காவிடம் மாறாத வழக்கம் ஒன்று இருந்தது. இறந்தவரின் பிள்ளைகள் இந்த நகரத்தில் இருந்தால், அவர்களுக்கு முதலில் சொல்லப்பட்டுவிட்டது என்று தெரியும்வரை அறிவித்தலை வாசிக்கமாட்டார். தானே தொலைபேசியில் தேடுவார். கிடைக்காவிட்டால் அறிவித்தல் அடுத்த வாரத்துக்குப் போகும்.

சிக்கல் எங்கள் ஊர் வழக்கத்திலிருந்தே வந்தது. ஒரே பெயரில் பலர் இருக்கும் சமூகம் நாங்கள். ஆகவே அறிவித்தலில் உறவினரின் பெயரோடு தொழிலையும் சேர்ப்போம்: ஓய்வுபெற்ற ஆசிரியர், புகையிரத நிலைய அதிபர், இன்ன ஸ்ரோர்ஸ் உரிமையாளர். யாழ்ப்பாணத்தில் அது வெறும் அடையாளம். ஸ்காபரோவில் அது மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. புதிதாகக் கடை திறந்த மருமக்களும் வீடு விற்கும் பெறாமக்களும் அறிவித்தல்களில் பெருகினார்கள். ஒருநாள் கமராவுக்குப் பின்னால் நின்ற நானா சொன்னார்: "அக்கா, இந்தக் கிழமை மௌத்தானவருக்கு அழ ஆள் குறைவு. ஆனா பலசரக்குக்குக் குறைவில்லை." அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவெற்றரைக் கழற்றிவிட்டு, சிரித்து முடித்து, மறுபடி பூட்டிக்கொண்டுதான் வாசித்தார்.

நாங்கள் சிரித்த விடயத்தை வேறொருவர் முறைப்பாடாக எழுதினார். வெக்ஸ்போர்ட் பக்கம் கடை வைத்திருந்த ஒருவரின் பெயர் அடிக்கடி திரையில் வருகிறது, அது இலவச விளம்பரம் என்று அவருடைய எதிர்க்கடைக்காரர் நகரசபைக்கு அறிவித்துவிட்டார். கேபிள் உரிமம் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசின் கையில் இருந்தது. ஆனாலும் எங்கள் நகரசபையில் அதற்கென்று ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. சமூக அலைவரிசையில் யாருக்கு இடம் என்பதில் நிறுவனம் அந்தக் குழுவின் சொல்லைத் தட்டுவதில்லை. குழு விசாரணைக்கு அழைத்தது. மரண அறிவித்தலை முற்றாக விட வேண்டும், இல்லையேல் நிகழ்ச்சியே நிற்கும் என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த யோசனை.

எனக்குக் கோபம். எதிர்க்கடைக்காரரைத் திட்டினேன். "அந்தாள் சொன்னதில என்ன பிழை?" என்று கேட்டார் அக்கா. "கடைப் பேர் வந்ததுதானே? உதை நாங்களே வெட்டியிருக்க வேணும்."

அந்த வாரத்திலேயே வெட்டினார். வெக்ஸ்போர்ட் கடைக்கார அண்ணைக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஸ்ரூடியோ வாசலுக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, என்ர கடையை வெட்டிப்போட்டியள். இனி நான் செத்தா ஆர் செத்ததெண்டு சனத்துக்கு என்னண்டு விளங்கும்?"

"கடை பூட்டிக் கிடக்கும் அண்ணை. சனம் விளங்கிக்கொள்ளும்."

எங்களைவிடப் பெரிதாகச் சிரித்தவர் அவர்தான்.

ஆனால் கடைப் பெயரை வெட்டியது மட்டும் குழுவுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அறிவித்தல் எதற்கு என்பதை அவர்கள் உணர வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அப்போது வவுனியா முகாமொன்றில் இறந்த முதியவர் ஒருவரைப் பற்றிய அறிவித்தல் எங்களிடம் வந்திருந்தது. அவருடைய மகன் ஸ்காபரோவில் எங்கோ இருக்கிறான், முகவரி தெரியாது. குழுவின் கூட்டம் அதே சமூக அலைவரிசையில் நேரடியாக ஒளிபரப்பாகும். அங்கேயே அந்த அறிவித்தலை வாசித்தால், மகன் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தால், அதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்க முடியும்? அரசறிவியல் படித்த மூளை அதை மிக அழகான வாதமாகக் கண்டது.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "விசர்க் கதை கதையாதை தம்பி. தகப்பன் செத்தது எங்கட வழக்குக்குச் சாட்சியோ? அந்தப் பிள்ளை சோத்தில கை வைச்சபடி ரீவியைப் பாத்துக்கொண்டிருந்தா?"

விசாரணைக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய நாள்களை அவர் அந்த மகனைத் தேடுவதில் கழித்தார். கோயிலில் கேட்டார், நானா தன் பள்ளிவாசலில் கேட்டார், பார்க்டேலில் அவனோடு முன்பு ஒன்றாகத் தங்கியிருந்த பெடியன்களை அக்கா தேடிப் பிடித்தார். கடைசியில் வழி காட்டியவர் அதே வெக்ஸ்போர்ட் கடைக்கார அண்ணை. அந்த இளைஞன் அவரிடம்தான் அரிசி வாங்கிக்கொண்டிருந்தான். அக்கா அவனுடைய அறைக்கு நேரில் போய்ச் சொன்னார். எவ்வளவு நேரம் அங்கே இருந்தார், என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை.

விசாரணை நாளில் அக்கா சேலைக்கு மேல் சாம்பல் நிறச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு குழுவின் முன்னால் அமர்ந்தார். அந்த இளைஞன் கடைசி வரிசையில் வந்து இருந்தான். அவனை எழுப்பிக் காட்டலாம் என்று என் உள்ளம் துடித்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார், நான் அடங்கிவிட்டேன்.

குழுவின் தலைவி நகரசபை உறுப்பினரான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கடைப் பெயர்கள் ஏன் வந்தன என்று நேரடியாகவே கேட்டார். அக்கா அலுவலக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எங்கள் ஊரில் அது அடையாளம் என்றார். இங்கே அது விளம்பரமாகிவிட்டது உண்மை என்றார். முறைப்பாடு செய்தவருக்கு நன்றி என்றார். இனிக் கடைப் பெயர் வராது, ஊரும் தெருவும் மட்டும் வரும் என்றார். பிறகு, ஓர் அறிவித்தலை வாசிக்க அனுமதி கேட்டார்.

அது எங்கள் அம்மாவின் மரண அறிவித்தல்.

அம்மா அதற்கு முன்பே, இடம்பெயர்ந்த இடத்தில் காலமாகியிருந்தார். செய்தி எங்களிடம் வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்திருந்தது. அங்கே அறிவிக்கப் பத்திரிகையும் இல்லை, வானொலியும் இல்லை. எங்கள் நிகழ்ச்சியிலும், தன் வீட்டுச் சாவு என்று, அக்கா அதைத் தள்ளியே வைத்திருந்தார். அந்த அறிவித்தலை யாரும் எங்கும் வாசித்திருக்கவில்லை. நகரசபை மண்டபத்தில், கனடாக் கொடிக்குக் கீழே, அக்கா அதை முதல் தடவையாக வாசித்தார். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சியைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டிருந்த என்று தொடங்கி, அன்பு மகளும், பாசமிகு மனைவியும், ஆசை அம்மம்மாவும் என்று ஒவ்வோர் உறவாக, அவசரப்படாமல் தமிழில் சொன்னார். அந்த வரிசையில் என் பெயரும் வந்தது. நானா மண்டபத்துக் கமராவுக்குப் பின்னால் நின்றார். அன்று நேரடி ஒளிபரப்புக்கு அவரைத்தான் போட்டிருந்தார்கள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்ததைக் கண்டேன். அவருடைய வாப்பா புத்தளத்தில் மௌத்தானபோதும் அக்கா இதே சுவெற்றரைப் போட்டுத்தான் வாசித்திருந்தார்.

பிறகு அக்கா முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னார். எந்த ஊரில் பிறந்தார், யாருக்கு யார், எங்கே எங்கே சிதறியிருக்கிறார்கள். முடித்துவிட்டு, "இதில் விற்பனைக்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதையும் வெட்டிவிடுகிறேன்," என்றார். குரல் உயரவில்லை. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எதுவும் இல்லை என்றார்.

குழு அன்றே பரிந்துரைத்தது: மரண அறிவித்தல் சமூகச் செய்தி, வணிகப் பெயர் இல்லாதவரை எந்த மொழி நிகழ்ச்சியும் அதை ஒளிபரப்பலாம். பின்னர் போர்த்துக்கேயரும் குஜராத்திக்காரரும் தங்கள் நிகழ்ச்சிகளில் அதே உரிமையைப் பயன்படுத்தியதைப் பார்த்தபோது, எங்கள் வீட்டில் பிறந்த ஒரு விதி ஊருக்கே விதியானது போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அரசாங்கக் கட்டடம் என்றால் பயந்து ஒதுங்கிப் பழகிய மனிதர்கள் நாங்கள். நகரசபை மக்களுடையது என்று நான் படித்து எழுதிய கட்டுரைகளில் இருந்ததை, அங்கே உட்கார்ந்து ஒரு பிழையை ஒப்புக்கொண்டு, ஒரு நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் பேசி, அக்கா மெய்யாக்கிக் காட்டினார். கையில் இருந்த மிகப் பெரிய சாட்சியை அவர் பயன்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு அதைவிடப் பெருமை.

ஸ்காபரோ பிறகு ரொறன்ரோவோடு சேர்ந்தது. குழுவும் போனது, ஸ்ரூடியோவும் போனது. இப்போது மரண அறிவித்தல்கள் நொடியில் தொலைபேசிக்கு வருகின்றன. இறந்தவரின் படத்துக்குப் பக்கத்திலேயே வீடு விற்பவரின் சிரித்த முகமும் வருகிறது. பிள்ளைகள் அறிவதற்கு முன்பே ஊர் அறிந்துவிடுகிறது. அக்கா யூனியன்வில்லில் மகளோடு இருக்கிறார். கண்பார்வை குறைந்துவிட்டது, குரல் குறையவில்லை.

சென்ற மாதம் நான் அங்கே இருந்தபோது, தலை நரைத்த ஒருவர் வந்தார். வவுனியா முகாமில் இறந்த முதியவரின், அக்கா தேடிக் கண்டுபிடித்த அந்த மகன். பின்னாளில் அவர் இங்கே அழைத்து வைத்துப் பார்த்த தாய் காலமாகிவிட்டார். அறிவித்தலை அக்காவின் குரலில் பதிவுசெய்து உறவுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா பேசத் தொடங்கவில்லை.

"தம்பி, அலுமாரிக்குள்ள என்ர சாம்பல் சுவெற்றர் கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

"குரல் மட்டுந்தானே அக்கா பதியிறம். ஆர் பாக்கப் போகினம்?"

"செத்த மனுசியின்ர பிள்ளை முன்னால நிக்குதெல்லோ," என்றார்.

எடுத்துவந்து கொடுத்தேன். பொத்தான்களைத் தடவிப் பார்த்து, கீழிருந்து தொடங்கி, கழுத்துவரை பூட்டினார்.