மூடினால் மறுபடியும் கேட்கும்

தம்பி காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, திறக்கும்போதெல்லாம் 'வாங்கினவன் நீதானா?' என்று இணையத்தில் போய் விசாரித்துவிட்டு வரும் என்பது, அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய நாளில்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் மொரப்பூரில் சென்னை ரயில், அங்கிருந்து விமானம். இரண்டு வருஷம் வரமாட்டான். ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. அதை முடிக்காமல் அவனை அனுப்ப எனக்கு மனசில்லை.

அன்று காலையில் சாக்கடை தோண்ட வந்த பொக்லைன் ஊருக்கு வரும் இணையக் கேபிளை அறுத்துவிட்டது. விளையாட்டு திறக்க மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுக் காப்பிதான் வைத்திருக்கிறார். அது யாரையும் எதுவும் கேட்பதில்லை. காசு கொடுத்தவனை நிறுத்தி விசாரிக்கிறது, திருடி எடுத்தவனை விட்டுவிடுகிறது. இந்தப் பூட்டை யார் யோசித்தார்கள் என்று நிஜமாகவே வியந்தேன்.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் தண்ணீர் டேங்க் பக்கத்தில்தான் வரும். லேப்டாப்பை அங்கே கொண்டுபோய் போனோடு இணைத்தோம். உடனே திறந்தது. பேட்டரி பழசு, சார்ஜர் இல்லாமல் ஆட முடியாது. பத்திரமாக மூடி, வீட்டுக்கு வந்து திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து விசாரணை.

"மூடினதுதான் தப்புக்கா. தொறந்தபடியே எடுத்தாந்தா கேக்காது" என்றான் தம்பி.

திரும்பவும் டேங்க்குக்குப் போனோம். அவன் வண்டி ஓட்ட, பின்னால் நான் லேப்டாப்பை மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். டீக்கடையில் நின்ற மாமா ஒருவர் வண்டியை மறித்தார்.

"ஏம்மா, அத மூடி எடுத்துக்கிட்டுப் போவக் கூடாதா?"

"மூடுனா நாங்க யாருன்னு கேக்குதுங்க மாமா."

"வூட்டுல வாங்குன பொருளு, உங்களயே கேக்குதா?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

வீடு சேர்ந்து சார்ஜரைச் சொருகி ஆடினோம். கடைசியில் ஒரு கதவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் திறக்கும். அதன் முன்னால் போய் நிற்கும்போது வாசலில் கார் வந்துவிட்டது. அலைந்த அலைச்சலில் நேரம் போனதே தெரியவில்லை. அம்மா கூப்பிட்டபடியே இருந்தாள். அவன் என்னைப் பார்த்தான், கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்தான், எழுந்து போனான். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கேபிளை ஒட்டிவிட்டார்கள். திறந்து பார்த்தேன். எங்கோ போய் விசாரித்து, எல்லாம் சரி என்று உள்ளே விட்டது. திரையில் அந்தக் கதவின் முன்னால் எங்கள் பொம்மைகள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. அவன் வாங்கினானா என்று அத்தனை முறை கேட்ட அது, பக்கத்தில் அவன் இருக்கிறானா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.