ஓரம் வெட்டிய வேதாகமம்

எங்கள் குடும்ப வேதாகமத்தை மருமகள் ஒரு பைண்டரிடம் சீர்செய்யக் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததிலிருந்து அந்த மனிதருக்கு நான்கு முறை போன் செய்து, ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

"வெட்டறதுக்கு அதுல ஓரமே இல்லீங்களேய்யா," என்றார் நேற்று.

அது எனக்குத் தெரியும்.

ஓரம் போனது என் பதினோராவது வயதில். அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்கால ஜெபத்தில் அப்பா வாசிப்பார். பக்கத்தைத் திருப்புவது அம்மாவின் வேலை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். அடுப்படியிலிருந்து அப்படியே வந்து உட்காருவாள் என்பதால், அவள் கட்டைவிரல் பட்ட மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. பள்ளி வாத்தியாரான அப்பாவுக்கு அது பொறுக்காது.

"ஏனம்மணி, இது வேதபுஸ்தகமா, வடைச்சட்டியா? கையைக் கழுவிப்போட்டு வந்தா என்ன?"

அம்மா முந்தானையில் விரலை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, அடுத்த பக்கத்தையும் கறையாக்குவாள்.

முதுகு பிய்ந்து கயிற்றால் கட்டியிருந்த அந்தப் புத்தகத்தைக் கோயிலுக்குத் தூக்கிப் போவது எனக்குப் பெரிய அவமானம். ஞாயிறு பள்ளியில் பதினான்கு பிள்ளைகள். "உங்க பைபிள்ல பலகார வாசம் அடிக்குதுடா" என்று சொல்லாதவர்கள் அதில் மூன்று பேர்தான்.

அம்மா போன பிறகு புத்தகத்தின் தையலும் விட்டுப்போனது. அம்மாவின் தம்பி, என் மாமா, கணபதி என்ற ஊரில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். அப்பா ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். "தையல் மட்டும் போட்டுக் குடுங்க மாப்ளே, வேறொண்ணும் வேண்டாம்" என்று சொல்லி, என்னை விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போனார்.

தைத்து அட்டை போடும்போது மாமா முகம் சுளித்தார். "ஓரமெல்லாம் ஒரே கறையா இருக்குதே கண்ணு. லேசா வெட்டிப்போட்டா புதுசாட்டம் ஆயிரும். உங்கப்பாரு என்ன சொல்வாரோ?"

"வெட்டுங்க மாமா. அந்தக் கறையக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது."

தினமும் காதில் விழுந்ததைத்தான் சொன்னேன்.

கத்தி மூன்று தடவை இறங்கியது. காகிதம் நாடா நாடாவாகக் கூடைக்குள் விழுந்தது. எழுத்து ஒன்றும் போகவில்லை என்று நானே புரட்டிப் பார்த்துக்கொண்டேன். புத்தகம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அப்பா வந்தார். புத்தகத்தைத் திறந்து பக்கத்தின் மூலைக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனவர், அப்படியே நின்றார்.

"ஓரம்?"

மாமா பெருமையாகக் கூடையைக் காட்டினார். அப்பா தரையில் மண்டியிட்டார். கல்யாணப் பத்திரிகைக் கழிவுகளை ஒதுக்கி, எண்ணெய் ஊறிய துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மச்சான், அதுல எழுத்தே இல்லீங்க! வெறுங் காயிதமுங்க."

"இருக்கட்டும் மாப்ளே."

அச்சுக் கோத்துக்கொண்டிருந்த ஒருவர், "வாத்தியார் குப்பையிலயும் பாடம் தேடறாராட்ட இருக்குது" என்றார். சிரித்தார்கள். அங்கே ஏழு பேர் இருந்தார்கள். அப்பா மூக்கை உறிஞ்சிய சத்தம் ஏழு பேருக்கும் கேட்டது, சிரிப்பு நின்றது. நான் வாசலுக்குப் போய், யார் வீட்டுப் பிள்ளையோபோல, ரோட்டில் போகும் சைக்கிள்களை எண்ணிக்கொண்டு நின்றேன். பஸ்ஸிலும் அவருக்கு இரண்டு சீட் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்கால ஜெபத்தில் பக்கம் திருப்ப, அம்மா உட்காரும் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை அப்பாவுக்கு விரித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் விரல்களை வெகுநேரம் பார்த்தார்.

"நாளையிலிருந்து கழுவ வேண்டாங்கண்ணு," என்றார்.

அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.